எங்கள் வாசலில் வாப்பா வைக்காத கோல்

எல்லாப் புகழும் இறைவனுக்கே. இந்த ஒரு வரியை எழுதிவிட்டு அடுத்த வரிக்கு வர எனக்குப் பத்து நாள் பிடித்தது. வாப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. நினைவாக ஓதும் கத்தத்துக்கு வரும் சொந்தபந்தங்களின் கையில் ஒரு சிறு நினைவு மலரைக் கொடுப்போம் என்று சொன்னவர் எங்கள் காக்கா, எனக்கு ஒரே அண்ணன், வீட்டில் மூத்தவர். சொன்னதோடு நிற்காமல், "நீதானே டீச்சர், நீயே எழுது" என்று வேலையையும் என் தலையில் கட்டிவிட்டார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதச் சொல்லிக் கொடுக்கிறவளுக்கு வாப்பாவைப் பற்றி எழுத வரவில்லை. நற்குணங்களை மட்டும் எழுதினால் கட்டுரை அழகாகத்தான் இருக்கும். ஆனால் இதை வாசிக்கிற உங்களில் பாதிப்பேர் மருதையடி வட்டை வயல்வெளியில் வேளாண்மை செய்கிறவர்கள். நான் எதை விட்டுவிட்டு எழுதினாலும் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

வாப்பா நிந்தவூரில் கடற்கரைப் பக்கம் பிறந்தார்கள். வாப்பாவின் வாப்பா, எங்கள் மூத்தாப்பா, கரைவலை இழுத்தவர். அவர் மறைந்தபோது வாப்பாவுக்குப் பதினொரு வயது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. கடல் வேலைக்கு விட மூத்தும்மாவுக்கு மனமில்லாமல், ஊருக்கு மேற்கே வயல் வேலைக்கு அனுப்பினார்கள். பிறருடைய வயலைக் காவல் காத்து, பிறருக்கு விதைத்து, பிறருக்குச் சூடடித்து நெல் தூற்றி, நாற்பது வயதில்தான் வாப்பாவுக்கு இரண்டு ஏக்கர் சொந்தமானது. அதற்குள் உம்மாவைக் கல்யாணம் முடித்து, நாங்கள் நால்வரும் பிறந்துவிட்டோம். ஒரு மகன், மூன்று பெண்கள். மூன்று பெண்ணைப் பெற்றவன் மூன்று வீடு கட்டிக் கொடுக்க வேண்டும் என்பது நம் பகுதியில் யாரும் எழுதி வைக்காத சட்டம். வாப்பா ஒரு நாளும் அதைச் சொல்லிப் பெருமூச்சு விட்டதில்லை. மூத்தவர்களான ராத்தாமார் இருவருக்கும் ஊருக்குள் உம்மாவின் வீட்டு வளவைப் பிரித்து வீடு கட்டிக் கொடுத்தார்கள். கடைக்குட்டியான எனக்கு ஊருக்குள் நிலம் மிஞ்சவில்லை.

வாப்பாவை ஊர் அறிந்தது வட்டைவிதானையாகத்தான். மாரிமழையோடு விதைக்கும் பெரும்போகத்துக்கு முன்னால் வயற்காரர்கள் கூட்டம் கூடிக் கையை உயர்த்தி, அந்த வருடம் வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட ஒருவரைத் தெரிவு செய்வார்கள். வாப்பாவுக்குப் பதினேழு வருடம் தொடர்ந்து கை உயர்ந்தது. கேட்க லேசான வேலை போலத் தெரியும். மேலே வயல் செய்கிறவருக்குத் தண்ணீர் போதாது. கீழே செய்கிறவருக்குத் தண்ணீர் கூடிப் போயிற்று. கடலை ஒட்டிய உப்பேரியான களப்பில் வலை வீசுகிறவர், கடலோரத்து மணல்திட்டை வெட்டி முகத்துவாரத்தை இப்போதே திறக்கக் கூடாது என்பார். ஊருக்குள் வீட்டுப் படியில் தண்ணீர் ஏறியவர், நேற்றே ஏன் திறக்கவில்லை என்பார். நான்கு பேரும் ஒரே மழையில் வாப்பாவுக்குத் தொலைபேசி எடுப்பார்கள். வாப்பா எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொல்வார்கள்.

"தண்ணி எங்க நிக்கிது? கோட்டுக்கு வந்திட்டா?"

வாய்க்கால் மதகான பெரிய துருசின் சீமெந்துக் கட்டில் வாப்பா சிவப்புப் பெயின்டால் கோடு கீறி வைத்திருந்தார்கள். தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டால் மேல் வயற்காரர் துருசுப் பலகையை இறக்க வேண்டும், கீழ் வயற்காரர் மிஞ்சிய தண்ணீர் இறங்கும் வடிச்சலைத் திறக்க வேண்டும், கடற்கரைக்காரர் மண்வெட்டியோடு முகத்துவாரத்துக்குப் போக வேண்டும். யார் முதல், யார் பிறகு என்பதை மழை வருவதற்கு முன்பே எல்லோரையும் உட்கார வைத்துப் பேசி முடித்திருப்பார்கள். நம் ஆட்களும் பக்கத்துத் தமிழ்க் கிராமத்து ஆட்களும் அந்தப் பேச்சில் கலந்துதான் உட்கார்ந்தார்கள். ஊரில் எத்தனையோ சண்டை சச்சரவு வந்தபோதும் அந்த ஒரு கூட்டம் நின்றதில்லை.

விதானையாக இருந்த காலம் முழுக்க வாப்பா எந்த வயற்காரர் வீட்டிலும் தேநீர் குடித்ததில்லை. கீழ் வட்டையில் வயல் செய்யும் கந்தையா அண்ணன் வருடா வருடம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார். "ஒருத்தன்ட தேத்தண்ணியக் குடிச்சா, மத்தவன் தண்ணி அங்க போயிட்டு எண்டு கதைப்பான்" என்று வாப்பா சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுப்பார்கள். கரியரில் ஒரு தண்ணீர்ப் போத்தல் எப்போதும் கட்டியிருக்கும்.

சைக்கிளில் இன்னொன்றும் கட்டியிருக்கும். எட்டடி நீளக் கமுகங்கோல். மழைக்கு முந்திய ஒரு சனிக்கிழமை, வயற்காரர் எல்லோரும் பின்னால் வர, வாப்பா அந்தக் கோலோடு வடிச்சல் வாய்க்காலின் நீளம் முழுக்க நடப்பார்கள். சந்தேகமான இடத்தில் கோலைக் குறுக்கே வைப்பார்கள். இரண்டு முனையும் இரண்டு கரையில் தங்கினால் வாய்க்கால் ஒடுங்கிவிட்டது, அந்த நிலத்துக்காரர் வெட்டி அகலமாக்க வேண்டும். கோல் வாய்க்காலுக்குள் விழுந்தால் போதும், நடையைக் கட்டலாம். கரையோரம் நிலம் வைத்திருந்த ஹனீபா மாமா ஒரு வருடம் வாய்க்காலின் மேல் பலகை அடித்துக் கோழிக்கூடு கட்டியிருந்தார். வாப்பா கோழிகளைப் பிடித்துக் கொடுத்துவிட்டுக் கூட்டைப் பிரிக்கச் சொன்னார்கள். மாமா இரண்டு வருடம் வாப்பாவோடு கதைக்கவில்லை. எங்கள் வீட்டில் பரீட்சை முடிந்து வந்தாலும் வாப்பா, "கோல் விழுந்திச்சா மகள்?" என்றுதான் கேட்பார்கள்.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்து போன பிறகுதான் எல்லாம் மாறியது. கரையோரத்தில் இருந்தவர்கள் பயந்து மேற்கே வந்தார்கள். பயந்தவர்களைக் குறை சொல்ல முடியாது, வாப்பாவின் தங்கை, எங்கள் மாமியும் அந்தக் கடலோடுதான் போனார். மேற்கே இருந்தது வயல். லொறி லொறியாகக் கிரவல் மண் கொட்டி வயலை நிரப்பி வீடு எழும்பியது. மழைத் தண்ணீர் களப்புக்கு இறங்கும் வழி ஒவ்வொன்றாக அடைபட்டது. நிரப்ப வேண்டாம் என்று வாப்பா யாரையும் தடுக்கவில்லை. "ஊட்டக் கட்டுங்க, வடிச்சலுக்கு எட்டடி உட்டுட்டுக் கட்டுங்க" என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று கேட்டார்கள். அநேகமானோர் கேட்டார்கள். விதானையார் தன் சொந்த நிலத்திலும் விட்டுத்தானே வைத்திருக்கிறார் என்பதால் கேட்டார்கள்.

இனி நான் என்னைப் பற்றி எழுத வேண்டும்.

எனக்குக் கல்யாணம் பேசியபோது வாப்பாவின் கையில் இருந்தது வடிச்சலோரத்து வயல் துண்டு ஒன்றுதான். அதில் வீடு கட்டத் தொடங்கினார்கள். வாய்க்காலுக்கு எட்டடி விட்டால் வீட்டின் முன்னால் நிற்கக்கூட இடமில்லை, படியில் இருந்து இறங்கினால் வாய்க்கால். மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வந்துவிட்டுப் போனார்கள். அவர்கள் முகம் சுருங்கியது என்று எனக்குப் பட்டது. அன்று பின்னேரம் மேசன் ஒரு யோசனை சொன்னார். வாய்க்காலில் இரண்டடிக் கொங்கிரீட் குழாயைப் போட்டு, மேலே கிரவலால் மூடி, மதிலை ரோட்டோரம் எடுத்தால் நல்ல முன்வளவு கிடைக்கும். வாப்பா தலையை ஆட்டி மறுத்தார்கள். அப்போது நான் பேசினேன்.

"ராத்தாமார் ரெண்டு பேருக்கும் முன்னுக்கு வளவு இரிக்கி. எனக்கு மட்டும் வாய்க்கால் கரையில ஊடா வாப்பா? ஊருக்கெல்லாம் தண்ணி பங்கிட்டீங்க. எனக்கு என்னத்தப் பங்கிட்டீங்க?"

உம்மா என்னை அதட்டினார். வாப்பா மேசனின் மட்டக்கோலைக் கையில் எடுத்து, அதில் ஒட்டியிருந்த சீமெந்தை நகத்தால் சுரண்டினார்கள். பிறகு, "சரி மகள்" என்றார்கள். அவ்வளவுதான். எனக்கு அன்று வெற்றி பெற்ற சந்தோசம். அந்தச் சந்தோசத்தை நினைத்தால் இப்போது என் மீதே எனக்கு வெறுப்பாக இருக்கிறது.

கல்யாணம் சிறப்பாக நடந்தது. அந்த வருடமும் மழைக்கு முந்திய சனிக்கிழமை வந்தது. வாப்பாவோடு நடந்த காக்கா பிறகு எனக்குச் சொன்னது இது. எங்கள் மதில் வரைக்கும் வாப்பா வழக்கம்போல வந்தார்கள். மதிலடியில் நின்றார்கள். கோலைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு எங்கள் வாசலைத் தாண்டி நடந்தார்கள். பின்னால் வந்தவர்களும் தாண்டினார்கள். அடுத்தது ஹனீபா மாமாவின் நிலம். அவர் வாய்க்காலை நெருக்கிச் சமையலுக்குக் குசினி இறக்கியிருந்தார். கோலைக் குறுக்கே வைக்க, இரண்டு கரையிலும் தங்கி நின்றது. வாப்பா மாமாவைப் பார்த்தார்கள், மாமா வாப்பாவைப் பார்த்தார். வெட்டு என்று சொல்ல வாப்பாவுக்கு வாய் வரவில்லை. கோலை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பதினேழு வருடத்தில் அந்த நடை பாதியில் நின்றது அன்றுதான்.

அதே மாதம் கூடிய பெரும்போகக் கூட்டத்தில் வாப்பா எழுந்து, "இந்த முற வேற ஆளப் போடுங்க" என்று மட்டும் சொன்னார்களாம். புதிதாக வந்தவர் நல்ல மனிதர்தான். ஆனால் விதானையாரின் மகள் வீட்டுக்கு ஒரு சட்டம், எங்களுக்கு ஒரு சட்டமா என்று கேட்டவர்களை அவரால் தடுக்க முடியவில்லை. மழைக்கு முன்னால் இன்னும் மூன்று இடத்தில் குழாய் இறங்கியது.

மார்கழி மழை தொடங்கிய மூன்றாம் நாள் தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தாண்டியது. முகத்துவாரத்தை வெட்டித்தான் இருந்தார்கள், ஆனால் வயலில் நின்ற தண்ணீர் அதுவரைக்கும் போய்ச் சேர வழியில்லை. நான் காலையில் ஜன்னலைத் திறந்தேன். எங்கள் மதிலுக்கு மேற்குப் பக்கம், குழாயின் வாயில், வாப்பா இடுப்பளவு தண்ணீரில் நின்று மிதந்து வந்த ஆற்றுவாழைச் செடியை அள்ளி அள்ளிக் கரையில் எறிந்துகொண்டிருந்தார்கள். அறுபத்தெட்டு வயது. ஒரு அள்ளு அள்ளுவதற்குள் இரண்டு அள்ளு வந்து அடைத்தது.

"வாப்பா, மேல வாங்க. காய்ச்சல் வந்திரும்."

"பொறு மகள். இந்தா போகுது, போகுது."

தண்ணீர் போகவில்லை. என் கணவர் இறங்கிக் கையைப் பிடித்து மேலே ஏற்றும் வரைக்கும் வாப்பா வரவில்லை. கீழ் வட்டையில் இளம்பயிர் ஆறு நாள் தண்ணீருக்குள் கிடந்து அழுகியது. கந்தையா அண்ணனின் வயலும் அதில் ஒன்று. எங்கள் வீட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை, கிரவல் அவ்வளவு உயரம்.

பாடசாலையிலும் சந்தையிலும் யாராவது கேட்பார்கள் என்று பயந்துகொண்டே திரிந்தேன். ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கீழ் வட்டை வீட்டுப் பெண்கள் வழியில் கண்டால் சுகம் விசாரித்தார்கள். ஊர் மறந்துவிட்டது என்று நினைத்து நானும் மறக்கப் பழகினேன்.

அடுத்த வருடம் கோடைச் சிறுபோக அறுவடை முடிந்த கையோடு வாப்பாவின் நெஞ்சு பலவீனமானது. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தார்கள். வெள்ளத்தில் நின்றதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார். அவர் சொன்னதை நான் நம்புகிறேன், நம்பியும் எனக்கு ஆறுதல் கிடைக்கவில்லை. கடைசி நாளுக்கு முதல் நாள் வாப்பா கண்ணைத் திறந்து, "வடிச்சல்ல தண்ணி போகுதா மகள்?" என்று கேட்டார்கள். வெளியே நல்ல கோடை, வாய்க்கால் வெடித்துக் கிடந்தது. "ஓம் வாப்பா, நல்லாப் போகுது" என்றேன். வாப்பாவிடம் நான் கடைசியாகச் சொன்னது ஒரு பொய்.

ஜனாஸாத் தொழுகைக்கு முன்னால் காக்கா பள்ளிவாசலில் எழுந்து நின்று, எல்லா வாரிசுகளும் கேட்பதுபோலக் கேட்டார். எங்கள் வாப்பாவால் யாருக்காவது அநியாயம் நடந்திருந்தால் அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள், யாருக்காவது அவர் தர வேண்டிய ஹக்கு இருந்தால் எங்களிடம் கேளுங்கள் என்றார். ஒருவரும் எழவில்லை என்று வீட்டுக்கு வந்து சொன்னார். பெண்களான நாங்கள் அந்த இடத்தில் இல்லை. இருந்திருந்தால் நான் எழுந்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் கந்தையா அண்ணன் வந்தார். உம்மா கணவனை இழந்தவர் இருக்கும் இத்தாவில் உள்ளே இருந்ததால் விறாந்தையில் நான்தான் கதிரை போட்டேன். தேநீர் கொண்டு வந்து வைத்தேன். அவர் அதைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"வெள்ளம் வடிஞ்ச கிழமை உங்கட வாப்பா எங்கட வீட்ட வந்தவர் மகள். வந்து கதிரையில இருந்து, 'கந்தையா, தேத்தண்ணி போடச் சொல்லு' எண்டார். எனக்கு விளங்கல்ல. பதினேழு வருசமாக் குடிக்காத மனிசன். 'இப்ப நான் விதானை இல்லத்தானே' எண்டார். குடிச்சு முடிச்சுப்போட்டு என்ர கையைப் பிடிச்சு, 'உன்ர பயிர அழிச்சது என்ர மதில். பொறுத்துக்க' எண்டார்."

நான் இன்னொரு கதிரையை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"எனக்கு மட்டும் இல்ல. கீழ் வட்டையில அழிஞ்ச ஒவ்வொருத்தர்ட வீட்டயும் போயிருக்கார். ஒவ்வொரு வீட்டயும் தேத்தண்ணி. ஒவ்வொருத்தரிட்டயும் ஒண்டுதான் கேட்டவர். 'மகளிட்ட இதப்பத்திக் கதைச்சிராதீங்க. அவ அந்த ஊட்டில சீவிக்கிற புள்ள. மதில் என்ர, அவட இல்ல.' நாங்க சத்தியம் பண்ணிக் குடுத்தம். மனிசன் போயிற்றார், அதுதான் இண்டைக்குச் சொல்றன்."

ஊர் மறக்கவில்லை. எட்டு மாதமாக என் காதில் விழுந்த அந்த அமைதி, வாப்பா ஒவ்வொரு படியாக ஏறி இறங்கி எனக்காகக் கேட்டு வாங்கியது. நான் உள்ளே போய் உம்மாவின் மடியில் முகத்தை வைத்து அழுதேன். உம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

நாற்பதாம் நாள் கழிந்த மறுநாள் என் கணவரிடம் சொன்னேன். "வளவு இல்லாட்டி என்ன? வாகனத்த ரோட்டில உடுவம்" என்றார். அதற்காகவே அவருக்கு நான் காலமெல்லாம் நன்றி சொல்ல வேண்டும். மதிலை உடைத்தோம், கிரவலை அள்ளினோம், குழாயைத் தூக்கினோம். இரண்டு நாளில் முடிந்த அந்த வேலையை வாப்பா இருக்கும்போது செய்திருக்கலாம். ஒரே ஒரு சொல் நான் சொல்லியிருந்தால் போதும். அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு ஒன்றரை வருடம் இருந்தது.

மழைக்கு முந்திய சனிக்கிழமை வாப்பாவின் கோலை உம்மாவிடம் கேட்டு வாங்கி, வயற்காரரிடம் கொடுத்தேன். என் வாசலில் வைத்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டேன். எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கந்தையா அண்ணன்தான் முன்னுக்கு வந்து கோலைக் குறுக்கே பிடித்துக் கையை விட்டார். கோல் இரண்டு கரையிலும் படாமல் சேற்றில் விழுந்தது. பிறகு ஹனீபா மாமா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்காலுக்குள் இறங்கினார். கோலை எடுத்துத் தண்ணீரில் கழுவி, தன் தோளில் கிடந்த துவாயால் துடைத்தார்.

"விதானையார்ட கோல் விழுந்திட்டு" என்றார். "அடுத்தது எங்கட ஊடு. வாங்க, குசினிய உடைக்க ஆள் வேணும்."

அந்த மார்கழியிலும் மழை குறையவில்லை. தண்ணீர் கோட்டைத் தொட்டது, தொட்டுவிட்டு இறங்கியது.

வாப்பாவை ஆஸ்பத்திரியில் இரவு பகலாகப் பார்த்த தாதிமாருக்கும், ஜனாஸாவைக் குளிப்பாட்டிக் கபன் துணி உடுத்தி, அடக்கும் மையவாடி வரைக்கும் சுமந்தவர்களுக்கும், பள்ளிவாசல் நிர்வாகத்தினருக்கும், வயல் வேலையை விட்டுவிட்டு வந்து நின்ற தமிழ்க் கிராமத்துச் சகோதரர்களுக்கும், உம்மாவின் இத்தாக் காலத்தில் சோறு கறி கொண்டு வந்து தந்த அயல்வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றிகள். மதில் உடைக்க மண்வெட்டியோடு கூப்பிடாமலே வந்தவர்களின் பெயரை எழுதினால் யாராவது விடுபட்டுப் போவார்கள், அதனால் எழுதவில்லை. வாப்பாவுக்காக துஆச் செய்யுங்கள்.

காக்கா பள்ளிவாசலில் கேட்டது வாப்பாவின் பேரில். வாப்பா உங்கள் வீடுகளில் கேட்டது என் பேரில். நான் எனக்காக இன்னும் கேட்கவில்லை, இந்தப் பக்கத்தில் கேட்கிறேன். மதில் என்னுடையது. வாப்பாவுடையது அல்ல. பயிர் அழிந்த ஒவ்வொருவரும் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பொறுக்க முடியாதவர்கள் வந்து என் முகத்துக்கு நேரே சொல்லுங்கள், விறாந்தையில் கதிரை இருக்கிறது. இந்த வருடமும் மழைக்கு முன்னால் கோல் வரும். எங்கள் வாசலைத் தாண்டிப் போய்விடாதீர்கள், வைத்துப் பார்த்துவிட்டுப் போங்கள்.